புதுப்பிப்பு: வக்கீலின் பதிலுக்கு எவ்வளவு நாள் காத்திருப்பது?

கோத்தகிரியில் உள்ள எங்கள் பூர்வீக நிலத்தின் பாகப்பிரிவினை குறித்து ஊட்டி வக்கீல் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வராததால், எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல், நீதிமன்றம் கலைந்தபின் மாலையில் வக்கீலின் குமாஸ்தாவை அழைத்துக் கேட்கும்படி ஒருவர் கூறிய யோசனைதான் பலித்தது. அந்த வக்கீல் ஏற்கெனவே என் சித்தப்பாவுக்கு ஆஜரானவர் என்பதால் எங்கள் வழக்கை எடுக்க இயலாது என்று குமாஸ்தா சொன்னதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. இதை ஒரு வரியில் முன்பே தெரிவித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பிறகு குன்னூரில் வேறொரு வக்கீலுக்கு, எதிர்த்தரப்பினர் பெயரை முதல் வரியிலேயே குறிப்பிட்டு, புல எண்ணுடன் ஒரே பக்கக் கடிதம் எழுதி, பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் இணைத்து அனுப்பினேன். மறுநாள் மாலையே அழைத்துப் பேசினார்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதை அம்மாவுக்காக ஒருவர் நினைவூட்டியிருந்தார். அதற்கான உதவி எண் 15100.

சிவில் வழக்கில் சம்மன் வந்துவிட்டவர்கள் ஒரு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம், ஏனெனில் எதிருரையை, அதாவது வழக்குக்கான எழுத்துப்பூர்வ பதிலை, சம்மன் கிடைத்ததிலிருந்து பொதுவாக 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.