வன்னிக் குளத்திலும் களப்பிலும் கயாக்கில தூண்டில்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

குளக்கட்டான் (கிளிநொச்சி):

எங்கட பக்கம் கயாக்கில (துடுப்பால தள்ளுற ஒடுக்கமான சின்ன வள்ளம்) இருந்து தூண்டில் போடுற ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம். வாங்க நினைக்கிற பெடியள் முதல் கேட்கிறது, எந்தக் கொம்பனி நல்லது, என்ன விலை எண்டுதான். நான் திருப்பிக் கேட்கிறது வேற. எந்தத் தண்ணியில இறக்கப் போறாய்? அங்க காத்து எந்தப் பக்கத்தால வரும்? கவிண்டால் தனிய திரும்பி ஏற ஏலுமா? இந்த மூண்டுக்கும் பதில் இருந்தால் கயாக் தானாத் தெரிவாகும். போறதுக்கு எந்தக் கயாக்கும் போகும். திரும்பி வாறதைப் பார்த்துத்தான் எடுக்க வேணும்.

என்னட்ட இருக்கிறது 11 அடி நீளம், 33 அங்குல அகலம், மேல குந்தியிருக்கிற வகை. கால் ரெண்டையும் உள்ளுக்க நீட்டி இருக்கிற வகையும் இருக்கு. அது குளிர் நாட்டுக்குச் சரி. எங்கட வெயிலுக்கும், மீன் பிடிக்கிற வேலைக்கும் மேல இருக்கிறதுதான் வசதி. தட்டில ஓட்டைகள் இருக்கும், ஏறின தண்ணி அதால வடிஞ்சு போகும். கவிண்டாலும் நிமித்திப் போட்டு, நடுவில வயித்தால ஏறிக் கிடந்து, பிறகு திரும்பி இருக்கலாம். உள்ளுக்க இருக்கிற வகை ஒருக்கா நிரம்பினால், கரைக்கு இழுத்துக்கொண்டு வந்துதான் தண்ணி இறைக்க வேணும்.

அகலத்தைப் பற்றி ஒரு சொல். 30 அங்குலத்துக்குக் குறைஞ்சது வேகமா ஓடும். ஆனால் விரால் ஒண்டு இழுக்கேக்க ஒரு பக்கம் சரிஞ்சு பார்க்க மனம் வராது. 36 அங்குலத்துக்கு மேல போனால் எழும்பி நிண்டே எறியலாம், ஆனால் எதிர்க்காத்தில கை கழண்டு போகும். நீளம் 10 அடிக்குக் குறைஞ்சால் ஒவ்வொரு தள்ளலுக்கும் மூக்கு அங்கயும் இங்கயும் திரும்பும். அகலமான கயாக்குக்கு நீளத் துடுப்பு வேணும். நான் பாவிக்கிறது 240 சென்ரிமீற்றர். பாரம் ஏத்துற அளவையும் கவனியுங்கோ. 150 கிலோ எண்டு எழுதியிருந்தால் ஒரு நூறு, நூற்றைந்தோட நிப்பாட்டுறது நல்லது. ஆள், ஐஸ் பெட்டி, தண்ணிப் போத்தல், பிடிக்கப் போற மீன் எல்லாம் அதுக்குள்ள அடங்க வேணும்.

இப்ப அனுபவத்துக்கு வாறன். இரணைமடுக் குளத்துக் கட்டு வடக்குப் பக்கம், தண்ணி தெற்குப் பக்கமாப் பரந்து கிடக்கு. வைகாசியில இருந்து கச்சான் காத்துத் தென்மேற்கால அடிக்கும். அதனால கட்டுப் பக்கத்தால இறக்கினால், விடியக் காத்து எழும்ப முதல் தெற்க போய், காத்து ஏறினதும் அதோட சேர்ந்து திரும்பலாம். போன ஆனி மாதம் அப்பிடித்தான் போனன். பற்றைகள் தண்ணிக்குள்ள நிக்கிற கரையோரம், துடுப்பை மடியில வைச்சுக்கொண்டு அசையாமல் இருந்தன். விரால் மூச்சு விட மேல வரும். ஒரு சின்ன "ப்ளுக்", பிறகு ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்கு எறியக் கூடாது. அது போற திசையில ரெண்டு மூண்டு பாகம் முன்னுக்கு எறிஞ்சு, ரப்பர் தவளையை மெல்ல இழுத்து வர வேணும். எறிஞ்சன், இழுத்தன், தாமரை இலைக்குப் பக்கத்தில தண்ணி வெடிச்சுது. கரையில நிண்டால் மீனைத்தான் நாங்கள் இழுப்பம். கயாக்கில மீன் எங்களை இழுக்கும். ஒரு நல்ல விரால் பற்றைக்குள்ள என்னையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டுது. ஒரு கையால றொட் (தூண்டில் தடி), மற்றக் கையால கொப்பைப் பிடிச்சுத் தள்ளி, ஒரு மாதிரி வெளியில எடுத்தன்.

ஒன்பது மணிக்கெல்லாம் காத்து ஏறீட்டுது. திரும்பேக்க துடுப்பை நேரா வைச்சுக்கொண்டு இருந்தாலே போதும், கயாக் கட்டுப் பக்கம் ஓடி வந்துது. ஆனால் கட்டில அடுக்கின கல்லில அலை அடிக்கிற இடத்தில ஏற ஏலாது. மண் கரை ஒண்டைப் போக முதலே பார்த்து வைக்க வேணும். மாரியில வான்கதவுப் பக்கம் போகவே வேண்டாம். 2018 மார்கழி வெள்ளத்தில அந்தக் கதவுகள் திறந்து கிளிநொச்சி என்ன பாடு பட்டது எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

குஞ்சுகளோட நிக்கிற விராலைப் பிடியாதேங்கோ. செம்மஞ்சள் நிறத்தில குஞ்சுக் கூட்டம் மேல கொதிச்சுக்கொண்டு நிக்கும், தாயும் தகப்பனும் கீழ காவல் நிக்கும். எதைப் போட்டாலும் பாயும். அதைப் பிடிச்சால் அவ்வளவு குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

பேராறு (முத்தையன்கட்டு):

நான் வலைத் தொழில் செய்யிறவன். தம்பி எழுதினது சரி. எங்கட பக்கத்தால சில விசயம் சொல்ல வேணும்.

பின்னேரம் வலை விடுவம், விடிய எடுப்பம். மிதப்புக்கு வெறும் போத்தல் கட்டியிருப்பம், தூரத்துக்குக் குப்பை மாதிரித்தான் தெரியும். வரிசையா மூண்டு நாலு போத்தல் கண்டால் அது வலை. குறுக்கால போகாமல் சுத்திப் போங்கோ. கொளுக்கி வலையில மாட்டுப்பட்டால் உங்கட நைலோனை வெட்டுங்கோ, வலையை வெட்டாதேங்கோ. ஒரு கண் அறுந்தால் மறுநாள் கை அளவு, பிறகு ஆள் அளவு. வலை பின்னுற நேரம் எங்களுக்குச் சம்பளம் இல்லாத நேரம்.

குளத்தில விடுற மீன்குஞ்சு சும்மா வாறதில்லை. சங்கமும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் சேர்ந்து விடுறது. திலாப்பியா, கட்லா, ரோகு எல்லாம் அப்பிடி விட்டதுதான். ஆனபடியால் எந்தக் குளமெண்டாலும் முதல் நன்னீர் மீன்பிடிச் சங்கத் தலைவரைக் கண்டு கதைச்சிட்டு இறங்குங்கோ. பொழுதுபோக்குக்குத் தூண்டில் எண்டு மரியாதையாக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டினம். எந்த இடத்தில மரக்கட்டை கிடக்கு, எந்த இடத்தில முதலை நிக்குது எண்டும் சொல்லி விடுவினம்.

முதலைக்கு வருவம். எங்கட குளங்களில முதலை இருக்கு. அது இல்லாத குளம் எண்டு நினைச்சு இறங்காதேங்கோ. கோடையில தண்ணி வத்தேக்க எல்லாம் ஆழமான பக்கத்துக்கு ஒதுங்கும், நீங்களும் மீனுக்கு அங்கதான் போவியள். பிடிச்ச மீனைக் கயித்தில கோர்த்துத் தண்ணியில தொங்க விடுற பழக்கம் சில பேரிட்ட இருக்கு. போன கோடையில ஒரு பெடியன் அப்பிடித் தொங்க விட்டுக்கொண்டு இருந்தான். நான் வலை எடுத்துக்கொண்டு நிக்கிறன், அவன்ரை கயாக்குக்குப் பின்னால ரெண்டு கண்ணும் ஒரு மூக்கும் அலை இல்லாமல் வருது. கூப்பிட்டுச் சொன்னன், "தம்பி, மீனைத் தூக்கி மேல போடு, காலை உள்ளுக்க எடு, தண்ணியை அடிக்காமல் மெல்ல இஞ்சால வா." பெடியன் பதறாமல் வந்தான். மீன் வாசம் போனதும் அது அமிழ்ந்திட்டுது. பெட்டிக்குள்ள ஐஸில வையுங்கோ, காலைத் தொங்க விடாதேங்கோ, மீன் வெட்டிக் குடலைப் பக்கத்தில எறியாதேங்கோ.

பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு காட்டுக்கரைப் பக்கம் ஆனை தண்ணிக்கு வரும். கயாக்கை விட்ட கரையிலயே அது நிண்டால் நீங்கள் தண்ணியில காத்திருக்க வேண்டியதுதான். டோர்ச்சும் தண்ணியும் அதுக்காகத்தான் கொண்டு போறது.

ஸ்காபரோ-புதுக்குடியிருப்பு:

நான் லீவில வரேக்க காத்து நிரப்பிப் பாவிக்கிற கயாக் கொண்டு வந்தனான், விமானத்தில அதுதான் சுகம். களப்பில கெளிறு ஒண்டைத் தூக்கி உள்ளுக்கப் போட, முள்ளு ஒரு காத்து அறையில ஏறீட்டுது. மூண்டு அறை இருந்தபடியால் கரை வந்தன். அதை வாங்கிறவை பல அறை உள்ளதைத்தான் வாங்க வேணும், கெளிறையும் திருக்கையையும் உள்ளுக்க எடுக்கக் கூடாது. கையில குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில வைச்சால் வலி குறையும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

ஒரு கேள்வி: இஞ்ச கனடாவில எல்லாரும் காலால மிதிக்கிற கயாக்குக்கு மாறீட்டினம். கை ரெண்டும் தூண்டிலுக்குச் சும்மா இருக்கும். வன்னிக்குச் சரிவருமா?

அளம்பில் கரை:

மிதி கயாக் பற்றிக் கேட்ட அண்ணைக்கு: ஆழமான தண்ணிக்கு அருமை. நாயாறு, நந்திக்கடல் மாதிரிக் களப்புகளில, முழங்கால் தண்ணியில, மிதிக்கேக்க கீழ சுத்துற விசிறி அடியில முட்டும். குளத்தில பாசியும் ஆகாயத்தாமரையும் விசிறியில சுத்தும், நடுக்குளத்தில கயாக்கில குப்புறக் கிடந்து பிடுங்க வேணும். செட்டை மாதிரி அடிக்கிற வகை கொஞ்சம் பரவாயில்லை, கரைக்கு வரேக்க மேல மடக்கலாம். எதெண்டாலும் ஒரு துடுப்பைக் கட்டாயம் கட்டி வையுங்கோ. பாரமும் கூட; ரெண்டு பேர் இல்லாமல் பட்டா வாகனத்தில (சின்ன லொறி) ஏத்த ஏலாது.

இப்ப நான் சொல்ல வந்தது கடலைப் பற்றி. குளக்கட்டான் கச்சானோட திரும்பி வாறதைச் சொன்னார். எங்கட கிழக்குக் கரையில அதே கச்சான்தான் ஆளைக் கொண்டுபோறது. வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் முல்லைத்தீவுக் கடல் கரையில நிண்டு பார்த்தால் பாய் விரிச்ச மாதிரி இருக்கும். காத்து நிலத்தில இருந்து கடலுக்கு வீசுறதால கரையோரம் அலை எழும்பாது. வெளியூரில இருந்து வாற பெடியள் அதைப் பார்த்து ஆசைப்பட்டு இறக்கினம். அரைக் கிலோமீற்றர் போனதும் காத்துத் தெரியும், ஒரு கிலோமீற்றர் போனால் அலையும் தெரியும். திரும்பினால் முழுக் காத்தும் முகத்தில. கயாக்கில ஒரு சாதாரண ஆள் மணிக்கு அஞ்சு கிலோமீற்றர் போவான். பலத்த எதிர்க்காத்தில நிண்ட இடத்தில நிக்கிறதே பெரிய காரியம்.

போன வருசம் அப்பிடி ஒருத்தனை எங்கட பைபர் வள்ளம்தான் ஏத்திக்கொண்டு வந்தது. நாங்கள் வலை வளைச்சிட்டு வாறம், மஞ்சளா ஒரு பொட்டுத் தெரிஞ்சுது. கிட்டப் போனால் பெடியன் துடுப்பை விடாமல் தள்ளுறான், உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு கிடக்கு. கரை ஒரு கோடு மாதிரித்தான் தெரியுது. லைஃப் ஜக்கெற் போட்டிருந்தான், விசில் ஊதினான், கயாக் மஞ்சள் நிறம். இந்த மூண்டும்தான் அவனைக் காட்டித் தந்தது. பச்சை, சாம்பல் நிறக் கயாக் எண்டால் நாங்கள் கண்டிருக்க மாட்டம். நிறத்தை மீனுக்காகத் தெரிவு செய்யாதேங்கோ, தேடி வாறவனுக்காகத் தெரிவு செய்யுங்கோ.

எங்கட கரையில கடல் கயாக்குக்கு நல்ல காலம் பங்குனி, சித்திரை விடியப்புறம். அப்பவும் பின்னேரம் இடி மின்னல் வரும். கார்பன் றொட் மின்சாரம் கடத்தும், வானம் கறுத்தால் உடனே கரை. ஐப்பசியில இருந்து வாடை. அதில கயாக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கரையில கடற்படைக் காவலரண் இருந்தால் அங்கயும் சொல்லிட்டுப் போங்கோ, கரைவலைச் சம்மாட்டியிட்டயும் (வலைச் சொந்தக்காரர்) சொல்லுங்கோ. கரைவலை இழுக்கிற நேரம் குறுக்கால போனால் ஒரு ஊரின்ர ஒரு நாள் உழைப்புக் கெடும்.

எனக்குக் கயாக்கில பிடிச்ச இடம் நாயாறு. களப்பு கடலோட சேருற முகத்துவாரம் வெட்டுப்பட்டு நீரோட்டம் இருக்கேக்க கொடுவா வந்து நிக்கும். ஓடுற தண்ணியும் நிக்கிற தண்ணியும் சந்திக்கிற ஓரத்தில நங்கூரத்தைச் சின்னதாப் போட்டு நிப்பன். நங்கூரக் கயிறு மூக்கில இல்லாட்டி வாலில இருக்க வேணும். இடுப்புப் பக்கம் கட்டினால் நீரோட்டம் கயாக்கைக் குறுக்கால பிடிச்சுக் கவிழ்க்கும். ஒரு இழுவையில கழட்டக்கூடிய முடிச்சு, பக்கத்தில கத்தி. கொடுவா எடுத்ததும் முதல் ஓட்டத்துக்கு விட வேணும். பிறகு அது பாயும், தலையை உதறும். கிட்ட வந்ததும் செவுளுக்க கை விடாதேங்கோ, செவுள் மூடியின்ர ஓரம் சவர அலகு. வாயைக் கவ்விப் பிடிக்கிற கொறடு வைச்சிருங்கோ. ஐஞ்சு கிலோ கொடுவா மடியில விழுந்து வாலால அடிச்சால் றொட், பெட்டி, போன் எல்லாம் தண்ணியில. அதனால ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கயிறு.

இறக்க முதல் எங்கயெண்டு பாருங்கோ. கொக்கிளாய் 1951 இல இருந்து சரணாலயம், சுண்டிக்குளம் 2015 இல தேசியப் பூங்காவாச்சுது, நந்திக்கடலை 2017 இல இயற்கை ஒதுக்கிடமா அறிவிச்சாச்சு. வனசீவராசிகள் திணைக்களத்திட்டக் கேட்காமல் அங்க றொட்டோட போகக் கூடாது. நந்திக்கடலில 2009 போரில எத்தினை சனம் செத்துப் போனது எண்டு எங்களுக்குத் தெரியும். அங்க வட்டுவாகல் பாலத்தடியில பாட்டுப் போட்டு வீடியோ எடுக்கிற பெடியளுக்கு ஆராவது பெரியவை சொல்லிக் குடுங்கோ.

இன்னொண்டு, புதுக் கரையில பற்றைக்குள்ளால புது வழி எடுத்துக் கயாக்கை இழுக்காதேங்கோ. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கழண்டு விழுந்த இடமும் இருக்கும். ஆடு மாடும் சனமும் போற பாதையால மட்டும்.

குளக்கட்டான் (கிளிநொச்சி):

பேராறு அண்ணை, வலை விசயத்தை எழுதினதுக்கு நன்றி. அளம்பில் தம்பி, அந்த நங்கூரக் கதையை எங்கட குழுவில உள்ள எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன்.

வாற ஞாயிறு வவுனிக்குளம் போறம். சங்கத்தில கதைச்சாச்சு. விடிய அஞ்சரைக்கு இறக்கி ஒன்பதுக்கு முதல் கரை. முதல் அரை மணித்தியாலம் தூண்டில் இல்லை: இடுப்பளவு தண்ணியில, ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிக்க, எல்லாரும் கவிழ்த்துத் திரும்பி ஏறிக் காட்ட வேணும். பட்டாவில ரெண்டு கயாக்குக்கு இடம் இருக்கு. லைஃப் ஜக்கெற் இல்லாதவை முன்கூட்டிச் சொல்லுங்கோ, கூடுதலா ஒண்டு என்னட்ட இருக்கு.