மூன்று வருடம் கான்பெரா போகிறோம், சுங்கை சிப்புட்டில் வீடு இப்பவே வாங்கலாமா?

சிப்புட் டீச்சர் எழுதியது:

வணக்கம். வீட்டுக்காரர் ராணுவத்தில் சார்ஜன், சிக்னல் பிரிவு. கான்பெராவில் நம் மலேசியத் தூதரகத்தின் தற்காப்பு அலுவலகத்துக்கு மூன்று வருட மாற்றல் வந்திருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு நானும் போகிறேன். ஜனவரியில் கிளம்ப வேண்டும்.

கவலையெல்லாம் அப்பா அம்மா பற்றித்தான். இன்னும் தோட்டத்து லயத்தில்தான், தோட்ட நிர்வாகம் கொடுத்த வரிசை வீட்டில்தான் இருக்கிறார்கள். அப்பா பால்மரம் வெட்டியவர், அப்புறம் அதே நிலத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது லயத்தை இடிக்கப் போகிறோம், அடுத்த வருடக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. தாத்தா, அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவில் பங்கு எடுத்தவர். அந்தச் சீட்டு அம்மாவின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சொந்த வீடுதான் மூன்று தலைமுறையாக இல்லை.

பார்த்தது இரண்டு. ஒன்று புதுத் தாமானில் (குடியிருப்பில்), ஒற்றை மாடி, 238,000 வெள்ளி (ரிங்கிட்), சாவி கிடைக்க இரண்டு வருடமாகும். இன்னொன்று பதினைந்து வருடப் பழைய வீடு, 215,000, லீஸ்ஹோல்ட், அதாவது குத்தகை நிலம். புதுத் தாமான் ஏஜன்ட் இன்றே 2,000 புக்கிங் கட்டினால்தான் மூலை வீடு என்று துரத்துகிறார். மாதிரி வீட்டுக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். மற்றவர்கள் லைட்டையும் கேபினட்டையும் பார்க்க, அவர் மட்டும் விரலை மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே வெறும் காத்தும்மா" என்றார்.

கொழுந்தனார் வேறு, கான்பெராவிலேயே ஒன்று வாங்கிப் போடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

பென்சன் வாரண்ட் எழுதியது:

தங்கச்சி, முதலில் கொழுந்தனாரை உட்கார வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை வெளிநாட்டவர் பழைய வீடு வாங்கத் தடை. உங்களுக்கு அங்கே குவாட்டர்ஸ் கிடைத்தால் போதும்.

இனி என் கதை. 2009இல் தெலுக் இந்தான் பக்கம் புது வீடு ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். பிறகு லெபனான், ஐநா அமைதிப்படை. திரும்பி வந்ததும் சபாவுக்கு மாற்றல். சாவி நோட்டீஸ் போனது நான் காலி செய்துவிட்ட கேம்ப் குவாட்டர்ஸ் முகவரிக்கு. யாரோ அதை வாங்கி மேசை டிராயரில் போட்டிருக்கிறார்கள். நான் வீட்டுக்குள் கால் வைத்தபோது, டெவலப்பர் பழுது பார்த்துத் தரவேண்டிய 24 மாதத்தில் மூன்று வாரம்தான் பாக்கி. கழிவறைத் தரையிலிருந்து ஒழுகி, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியின் சாமி மாடத்துக்கு மேலேயே சுவர் பச்சை பிடித்திருந்தது. பாவம், அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, மாடத்தை மட்டும் நகர்த்தி வைத்திருந்தார். டெவலப்பரிடம் போனால் "இவ்வளவு நாள் எங்கே சார் இருந்தீங்க?" என்று கேட்கிறான். துப்பாக்கி பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று சொல்லவா முடியும்? மராமத்துக்கு 11,000 வெள்ளி என் கைக்காசு.

அதனால் இரண்டாவது வீட்டுக்கே என் ஓட்டு. கட்டி முடித்த வீட்டை அப்பா தட்டிப் பார்க்கலாம், மழை நாளில் போய்க் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கலாம். படத்தைத் தட்டிப் பார்க்க முடியாது. இன்னொன்று, பென்சன் ஆகிவிட்டால் ராணுவக் குவாட்டர்ஸ் நம்முடையதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குப் பென்சனுக்கான 21 வருடச் சேவை முடிய எவ்வளவு பாக்கி என்று எண்ணிப் பார்த்தீர்களா?

ஈப்போ குமாஸ்தா எழுதியது:

லோயர் ஆபிஸில் இருபது வருடமாக வீட்டு ஒப்பந்தம் டைப் செய்கிறேன், டீச்சர்.

அந்த 2,000ஐக் கட்டாதீர்கள். 1989 வீடமைப்பு விதிமுறைப்படி, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் டெவலப்பர் புக்கிங் காசு வாங்கவே கூடாது. 2021இல் கூட்டரசு நீதிமன்றம், அப்படி வாங்கியிருந்தால் சாவி தாமதத்துக்கான நஷ்டஈட்டுக் கணக்கு புக்கிங் தேதியிலிருந்தே ஓடும் என்று தீர்ப்பளித்தது. ஏஜன்டிடம் இதைச் சொல்லுங்கள், குரல் இறங்கும்.

தரை வீட்டுக்கு 24 மாதத்தில் சாவி தர வேண்டும், தாமதமானால் வீட்டு விலையில் வருடத்துக்கு 10 சதவீத நஷ்டஈடு. ஆனால் அதை வைத்து உங்கள் அப்பா எங்கே படுப்பார்? லயம் அதற்குள் இடிந்துவிடும்.

பழைய வீடு என்றால் கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். சிப்புட் கோலகங்சார் மாவட்டம், மலாய் ஒதுக்கீட்டு நிலம் நிறைய உண்டு, அதை நாம் வாங்க முடியாது. அப்புறம் லீஸ்ஹோல்ட்: எத்தனை வருடம் மிச்சம்? பெயர் மாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டும், அதற்கே மாதக்கணக்காகும். ஜனவரிக்குள் முடியாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கிளம்பும் முன், உங்களுக்குப் பதிலாக ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதிவிடுங்கள். இங்கே கையெழுத்துப் போட்டு உயர்நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால் வேலை சுலபம். கான்பெராவில் போட்டால் நோட்டரி, தூதரகம், தபால் என்று இழுக்கும். அப்பா பெயரில் எழுத வேண்டாம், மலாய்க் கடிதம் படித்துப் பதில் போடக்கூடிய ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்குமான பவராக இல்லாமல் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும். கடிதம் போகும் முகவரியும் அவருடையதே.

பட்டர்வொர்த் ராஜி எழுதியது:

அக்கா, கடனைக் கவனித்தீர்களா? எல்பிபிஎஸ்ஏ (அரசு ஊழியர் வீட்டுக் கடன் வாரியம்) 4 சதவீதம், 215,000க்கு முப்பது வருடம் என்றால் மாதம் சுமார் 1,026 வெள்ளி. சம்பளமில்லா விடுப்பில் உங்களுக்கு எங்கிருந்து பிடிப்பார்கள்? கைக்காசுதான். என் கணவர் விமானப்படை, நாங்கள் இருவர் பெயரிலும் போட்டுவிட்டு, நான் விடுப்பில் போனதும் திண்டாடினோம். உங்கள் வீட்டுக்காரர் பெயரில் மட்டும் போடுங்கள், அதுவும் அடிப்படைச் சம்பளத்துக்குத் தாங்குகிற அளவுக்கு. வெளிநாட்டு அலவன்ஸ் மூன்று வருடத்து விருந்தாளி. அடுத்த முறைக்கு உங்கள் கடன் தகுதி கையில் இருக்கும்.

சிப்புட் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏஜன்டிடம் 1989 என்று ஆரம்பித்ததுமே "அக்கா, மெதுவா யோசிங்க" என்றார். ராஜி சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரர் இரவு பதினொரு மணிக்குப் பே ஸ்லிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு 21 வருடம் முடிய இன்னும் ஐந்தே வருடம், அண்ணே. நாங்கள் எண்ணவே இல்லை.

நேற்று மழையில் பழைய வீட்டுக்குப் போனோம். அடுப்படி மூலையில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது, உரிமையாளர் கூரை ஓடு மாற்றித் தருகிறேன் என்கிறார், அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். லீஸ் 84 வருடம் மிச்சம். அப்பா இங்கேயும் தட்டினார். "இது கல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்பக்கம் அம்மாவின் முருங்கைக் கொம்பு நட இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

பவர் தம்பி பெயரில்தான். அவன் தைப்பிங்கில் ஷிப்ட் வேலை, ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். எந்தக் கிழமை வந்தால் ஒரே நடையில் முடியும், குமாஸ்தா சார்?