மாதவிடாய் ஒழுங்கற்ற பெண் கருவுற்றிருப்பதை எவ்வாறு அறிவது?

குழுவிலுள்ள சகோதரிகளுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்களுடன் வசிக்கும் என் இளைய ஓரகத்திக்குச் சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை என்பதால், நாள் தள்ளிப்போவதை ஓர் அடையாளமாகக் கொள்ள முடியவில்லை.

அண்மைக் காலமாக அவளுக்கு மார்பில் வலியும் கனமும், காரணமற்ற அசதியும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் உள்ளன. காசிமேட்டு மீனை ஆசையாக ஆய்ந்து சமைப்பவள், இப்போது அதன் வாடை எட்டினாலே அடுப்படியை விட்டு வெளியேறிவிடுகிறாள். (எங்கள் மாமியார் இதை வைத்தே முடிவு கட்டிவிட்டார்!) ஆனால் மாதவிடாய்க்கு முன்பும் மார்பு வலியும் சோர்வும் வரக்கூடும் என்பதோடு, வீட்டில் செய்த சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரே கோடுதான் தெரிந்தது. கருவுற்றால் உடலில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் தொடக்கத்தில் குறைவாக இருந்தாலும் அப்படிக் காட்டும் என்பதால், சில நாள்கள் கழித்து, காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் மீண்டும் பார்க்கவுள்ளோம்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி ஆகியவை கருக்குழாயில் கரு தங்கியதைக் குறிக்கலாம் என்பதை அறிவோம். அப்படி நேர்ந்தால் உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்வோம்.

இதே நிலையில் இருந்தவர்கள், முதலில் எந்த மாற்றத்தை உணர்ந்தீர்கள், இரத்தத்தில் எச்.சி.ஜி. அளவை எப்போது பார்க்கச் சொன்னார்கள், அந்தப் பரிசோதனை இப்பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறதா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். மாத்திரைகளின் பெயர்களை மட்டும் பரிந்துரைக்க வேண்டாம். அவற்றை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறோம்.