மறுமொழி: வல்னரபிலிற்றிக்கு நான் ஏன் 'பொட்டு' என்கிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாள் மடல்களை நேற்று இரவுதான் சேர்த்து வாசித்தேன். இங்கே காலபோக விதைப்பு நடக்கிறது. பகலில் வயல், பின்னேரம் வகுப்பு. பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம்.

வல்னரபிலிற்றி, அதாவது கணினியில் ஒருவன் நுழைய இடம்தரும் குறைக்கு, நான் 'பொட்டு' என்று எழுதியதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் வேலியில் விழும் இடைவெளிக்குப் பெயர் பொட்டு. இந்தச் சொல்லை நான் இருந்து யோசித்து உருவாக்கவில்லை. முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்குத் தகவல் பாதுகாப்பின் அரிச்சுவடி நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் 'பலவீனம்' என்று எழுதினேன். பின் வாங்கிலிருந்து ஒருவன், "கொம்பியூட்டருக்குச் சத்துக் குறைவோ சேர்?" என்றான். வகுப்பே சிரித்தது. அழித்துவிட்டு 'பாதிப்புறு தன்மை' என்று எழுதினேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அது அதைவிட மோசம்.

சரி என்று வேலிக்குப் போனேன். "உங்கள் வீட்டு வேலியில் பொட்டு இருக்கிறதா?" எல்லாக் கையும் மேலே போனது. எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. கறையான் தின்ற கதியால் (வேலிக்கு நடும் தடி), மழைக்கு உக்கிய அலம்பல் (வேலியில் கட்டும் கிளை), தம்பி பந்தெடுக்கப் போய்ப் போய் அகன்றது, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ள அம்மாவே விட்டுவைத்தது. கடைசியில் ஒரு பிள்ளை சொன்னாள்: "எங்கட வேலியில இருக்கிற பொட்டு கட்டாக்காலி மாட்டுக்குத் தெரியும் சேர். அப்பாவுக்குத்தான் தெரியாது."

சீரோ டே, அதாவது அடைக்க வேண்டியவருக்கே இன்னும் தெரியாத பொட்டு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

> பொட்டு நெற்றியில் வைப்பது. கணினிக்குப் பொட்டு வைத்து, பூவும் சூட்டலாமா?

சென்னை நண்பருக்கு: நானும் சிரித்தேன். எங்களிடமும் நெற்றியில் வைப்பது பொட்டுத்தான். 'ஒரு பொட்டுத் தண்ணீர்' என்றால் ஒரு துளி. மூன்றையும் வைத்துக்கொண்டு இங்கே யாரும் குழம்பியதில்லை. "பொட்டுக்குள்ளால மாடு வந்திட்டுது" என்று கத்தினால் ஒருவரும் நெற்றியைத் தடவிப் பார்ப்பதில்லை. ஆனாலும் முதன்முதலாகக் காண்கிற தமிழ்நாட்டு வாசகருக்கு இடறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆகவே ஒரு கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் 'வேலிப்பொட்டு', அப்புறம் வெறும் 'பொட்டு' என்று வைக்கலாம்.

> 'ஓட்டை' எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல்தான், ஆனால் பொருள் விலகுகிறது. ஓட்டை வாளியில் இருக்கும், கூரையில் இருக்கும். இருந்தாலே நட்டம், தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். பொட்டு அப்படியல்ல. வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் கிடக்கலாம். ஒரு மாடு கண்டுபிடிக்கிற அன்றைக்குத்தான் பயிர் போகும். மென்பொருளில் உள்ளதும் அதே சங்கதிதான். குறை இருப்பது வேறு, அதற்குள்ளால் ஒருவன் நுழைவது வேறு. தரவு வெளியே கசிவதற்கு வேண்டுமானால் ஓட்டையை வைத்துக்கொள்வோம்.

2017 இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற தீநிரல் வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் ஒரு பொட்டு. மைக்ரோசொப்ட் அதை அடைக்கும் திருத்தத்தை மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12. ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளி. அப்படியும் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையும் தப்பவில்லை. அலம்பல் வெட்டி முற்றத்தில் போட்டாயிற்று, எடுத்துக் கட்டத்தான் ஆளில்லை.

சிரிக்க எனக்கும் தகுதியில்லை. டேட்டா முடிந்துவிடும் என்று வகுப்பறைக் கணினிகளில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்தவன் நான்தான். கடவுச்சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், திரையின் மேல் மூலையில் காகிதத்தில் ஒட்டியிருந்தது. ஒருநாள் ஒரு பிள்ளையின் பென்டிரைவைச் செருகினோம். கோப்புறைகள் எல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் குறுக்குவழிச் சின்னங்கள் வந்து நின்றன. ஏழு கணினிக்கும் பரவிய பிறகுதான் கண்டேன். கிணற்றுக்குப் போக அம்மா விட்டுவைத்த பொட்டு என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்களே, என்னுடையது அந்த வகை. வசதிக்காகத் தெரிந்தே விட்டது. இதற்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும் என்று நினைக்கிறேன். 'விட்ட பொட்டு' போதுமா?

பேட்சுக்கு, அதாவது பொட்டை அடைக்கும் திருத்தத்துக்கு, 'பொட்டடைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் தயக்கமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள். "பொட்டடைப்பு வந்திருக்கு, போடட்டோ?" என்று கேட்கிறார்கள். 1999 முதல் சி.வி.இ என்று ஒவ்வொரு பொட்டுக்கும் இலக்கமிட்டு உலகத்துக்கே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களே, அதைப் 'பொட்டேடு' என்றேன். இது கொஞ்சம் மிஞ்சிப் போய்விட்டது, விட்டுவிடலாம்.

த்ரெட்டுக்கு 'அச்சுறுத்தல்', ரிஸ்க்குக்கு 'இடர்', இந்த இரண்டிலும் எனக்குச் சண்டை இல்லை. காட்டில் யானை நிற்பது அச்சுறுத்தல். வேலியில் பொட்டு. உள்ளே கதிர் முற்றிய நெல். மூன்றும் சேரும்போது வருவது இடர். நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

> கொழும்பில் மாடிவீட்டுப் பிள்ளைக்கு வேலி ஏது? மதில்தான் தெரியும்.

மட்டக்களப்பு அக்கா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இங்கேயும் மீள்குடியேறிய பிறகு முள்ளுக்கம்பியும் மதிலும்தான் கூடுகின்றன. கதியால் நட்டு அலம்பல் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். ஆனால் ஒன்று. ஃபயர்வோலைத் தீச்சுவர் என்கிறோமே, அந்தச் சுவரை யார் கண்டார்கள்? எல்லாப் பிள்ளைகளும் பரீட்சையில் எழுதுகிறார்கள்தானே. காணாத சுவரை மனனம் செய்யலாம் என்றால் காணாத வேலியையும் செய்யலாம்.

கடைசியாக, போர்ட்டுக்கும் (வலைத் தொடர்பு கணினிக்குள் வர இலக்கமிட்டு வைத்த வழி) பொட்டுக்கும் பெயர் மாறிப்போகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். உச்சரிப்பு நெருக்கம்தான், மறுக்கவில்லை. போர்ட்டுக்குக் 'கண்டாயம்' எப்படி? வேலியில் நாமே அளந்து வைக்கும் வழி அது. ஆள் ஏறிக் கடக்கலாம், மாடு கடக்காது. வன்னாக்ரை வந்தது 445 ஆம் கண்டாயத்தால். அது அங்கே இருக்க வேண்டியதுதான். அதற்குப் பின்னால், கோப்புப் பகிரும் நிரலில் இருந்ததுதான் பொட்டு. பிள்ளைகளிடம் இதை இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. செவ்வாய் வகுப்பு முடிய எழுதுகிறேன், அதற்குள் யாராவது இதிலும் ஒரு பொட்டுக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.