பெடோமீட்டர் டிராயருக்குள் போகாமல் இருக்க

(நாலு பேர் புனைபெயரில் எழுதிய குறிப்புகள். ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்.)

ஸ்க்ரூடிரைவர்

நடக்கும் ஸ்டெப்பை எண்ணும் பெடோமீட்டரை மூணாவது வாரம் டிராயருக்குள் போட்டுவிடுகிறார்கள் என்றால் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. அது காட்டும் எண் மேல் நம்பிக்கை போய்விடுகிறது. அதே தெரு, அதே நேரம், ஆனால் நேற்றைவிட 600 ஸ்டெப் குறைவு என்றால் யாருக்குத்தான் வெறுக்காது? இலக்கு எல்லாம் பிறகு, முதலில் மீட்டரைச் சோதியுங்கள்.

இடுப்பில் மாட்டி, பூஜ்யமாக்கி, வழக்கமான வேகத்தில் வாய்விட்டு எண்ணி 20 ஸ்டெப் நடந்து நில்லுங்கள். 19, 20, 21 இதில் ஏதாவது வந்தால் போதும். இன்னும் கறாராகப் பார்க்க 100 நடக்கலாம். ஜப்பானியத் தொழில்தரம் 100க்கு 3 வரைதான் பிழை விடுகிறது. கையில் வைத்து ஆட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். சில மின்னணு மாடல்களில், நாலு விநாடியாவது தொடர்ந்து நடந்தால்தான் எண் ஏறும். நாலு ஸ்டெப் வைத்துவிட்டுப் பார்த்தால் 0 என்றே நிற்கும். அது பழுது அல்ல, எழுந்து உட்காருவதை எல்லாம் எண்ணிவிடக் கூடாது என்று வைத்த தடுப்பு. அறைக்குள்ளேயே இரண்டிரண்டு ஸ்டெப் வைத்து வேலை செய்பவர்களுக்கு இதனால் கணிசமாகக் குறைத்துக் காட்டும்.

விலை குறைந்த பழைய வகையைக் காதருகே வைத்து ஆட்டினால் 'டிக் டிக்' கேட்கும். உள்ளே முடி மாதிரி ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும் நெம்புகோல் இருக்கிறது. இடுப்பு ஏறி இறங்கும்போது அது இறங்கித் தொடர்பை மூடும், ஒரு எண் கூடும். மீட்டர் செங்குத்தாக நின்றால்தான் இது ஒழுங்காக நடக்கும். தொப்பை இருந்தால் பெல்ட் முன்னால் சாயும், மீட்டரும் சாயும், எண்ணிக்கை விழும். முன்பக்கம் சரிவராதவர்கள் பக்கவாட்டில், இடுப்பெலும்புக்கு நேராகவோ, பின்னாலோ மாட்டி அதே 20 ஸ்டெப் சோதனையைச் செய்து பாருங்கள். எந்த இடத்தில் சரியாக வருகிறதோ அதுதான் உங்கள் இடம், தினமும் அங்கேயே.

வீட்டுக்கணக்கு

ஸ்க்ரூடிரைவர் சார் சொல்ற இடமெல்லாம் பேன்ட்டுக்குச் சரி. வேட்டியில என்ன செய்ய? மடிப்பில மாட்டினா நடக்க நடக்க மடிப்பு தளர்ந்து மீட்டர் படுத்துக்கும். வேட்டிக்கு மேல பெல்ட் கட்டறவங்க பெல்ட்டிலயும், இல்லாதவங்க உள்ள போட்டிருக்கற அண்ட்ராயர் எலாஸ்டிக்கிலயும் மாட்டணும்.

சேலைக்கு உள்பாவாடை நாடாதான் இடம். முடிச்சுக்கிட்ட வேண்டாம், கொசுவம் மொத்தமா வந்து அழுத்தும். நாடா இறுக்கமா ஓடுற இடது பக்கம் நல்லா நிக்கும். நைட்டிக்கு இடுப்பே கிடையாது! கழுத்துல கயிறு கட்டித் தொங்க விட்டா நெம்புகோல் மீட்டர் உதவாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணுற மூணு அச்சு சென்சார் உள்ளதுதான் வாங்கணும்.

போனை மட்டும் நம்புறவங்களுக்கு ஒண்ணு. காலையில 5 மணியில இருந்து 9 மணி வரை அடுப்படி, கொல்லை, மொட்டைமாடின்னு நடக்கிற நடை எதுவும் போன்ல வராது. ஏன்னா போன் சார்ஜ்ல கிடக்கும். 'நான் நடக்கறதே இல்ல போல'ன்னு நினைச்சுக்கறவங்க முக்கால்வாசிப் பேர் இந்தக் கணக்குதான்.

கைக்கடிகார வகையில தலைகீழ். சப்பாத்தி மாவு பிசைஞ்சா ஏறும், துணி கும்மினா ஏறும், பஜனையில கை தட்டினாலும் ஏறும். ஆனா ஒரு கையில காய்கறிப் பை, இன்னொரு கையில குழந்தைன்னு கடைத்தெருவுல நிஜமா நடந்தா, கை ஆடாததால பாதியை விட்டுடும். ஒரு தரம் உட்கார்ந்தபடியே 5 நிமிஷம் மாவு பிசைஞ்சு எவ்வளவு ஏறுதுன்னு குறிச்சு வச்சுக்கங்க. அதிகமா இருந்தா அந்த வேலைக்குக் கழட்டி வச்சிடலாம்.

பார்க் சுத்தி

இலக்கு விஷயத்தில் எல்லோரும் முதல் நாளே 10,000 என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த எண் மருத்துவர் எழுதிக் கொடுத்தது அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருடம், 1965ல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் விற்ற மீட்டரின் பெயர் 'மான்போ கெய்', அதாவது பத்தாயிரம் ஸ்டெப் மீட்டர். ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு 2019ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதுப் பெண்களில், நாளுக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் அந்த வித்தியாசம் கூடவில்லை. வயதான அம்மாவிடம் 10,000 கேட்டு மல்லுக்கட்டுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் இலக்கே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். பெடோமீட்டர் ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் வந்த ஒரு மதிப்பாய்வில், மீட்டர் கட்டியவர்களின் நடை முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 27 சதவீதம் கூடியது. ஒரு எண்ணை இலக்காக வைத்திருந்ததுதான் அதில் முக்கியமான காரணி.

அந்த எண்ணை எடுக்கும் விதம்: முதல் 7 நாள், ஞாயிறும் சேர்த்து, எதையும் மாற்றாமல் வழக்கம்போல இருங்கள். திரையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டு இரவில் மட்டும் பிரித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் எண்ணைப் பார்த்தே நடை கூடிவிடும், சராசரி பொய்யாகிவிடும். சராசரி 3,800 வந்தால் அடுத்த இலக்கு 4,300. வாரத்தில் 5 நாள் தொட்டால் இன்னொரு 500 கூட்டுங்கள், தொடாவிட்டால் அதே எண்ணில் இன்னொரு வாரம். 500 என்பது பெரிய மலை இல்லை. நிமிடத்துக்கு 100 ஸ்டெப் வேகத்தில் 5 நிமிடம், அவ்வளவுதான். மிதமான உடற்பயிற்சி என்று கணக்கில் வருவதும் அந்த வேகம்தான்.

மீட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் மாலை 6 மணி. படுக்கப் போகும்போது 1,200 குறைகிறது என்று தெரிந்து என்ன பயன்? ஆறு மணிக்குத் தெரிந்தால் சாப்பாட்டுக்கு முன் 12 நிமிடத்தில் முடிந்துவிடும்.

மொட்டைமாடி

எட்டு போட்டு, அதாவது தரையில் 8 வடிவத்தில் சுற்றி, நடப்பவர்கள் கவனத்துக்கு. வளைவில் ஸ்டெப் குறுகும், வேகம் விழும், பாதம் தரையை உரசும். மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் நெம்புகோல் வகை நிறைய விட்டுவிடும். அரை மணி நேரம் எட்டு போட்டுவிட்டு '900தான் காட்டுது' என்று புலம்புவதற்கு இதுதான் காரணம். எட்டுக்கு மீட்டர் வேண்டாம், நேரத்தை மட்டும் குறியுங்கள். நேர்நடைக்கு மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்தால் ஒன்றும் புரியாது.

கிலோமீட்டர் தப்பாக வருகிறது என்பவர்கள் செட்டிங்கைப் பாருங்கள். அது கேட்பது ஒரு காலில் இருந்து மறு கால் வரையான தூரம். வலதில் இருந்து மறுபடி வலது வரை அளந்து 130 சென்டிமீட்டர் என்று போட்டால் தூரம் இரட்டிப்பாகக் காட்டும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும்! சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மூன்று நாலு ஸ்டெப் முன்னாலிருந்தே நடந்து வந்து, கோட்டில் குதிகால் பட்டதும் அடுத்த ஸ்டெப்பை ஒன்று என்று எண்ண ஆரம்பித்து, 20வது ஸ்டெப்பின் குதிகால் இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் 13 மீட்டர் இருந்தால் உங்கள் ஸ்டெப் 65 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் 14 கிலோமீட்டர் திருவண்ணாமலை கிரிவலம் சுமார் 21,500 ஸ்டெப். பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர்ந்து போனால் ஸ்டெப் இன்னும் கூடும், ஆனால் மீட்டர் குறைத்துக் காட்டும்.

ஸ்க்ரூடிரைவர்

போன் பற்றி வீட்டுக்கணக்கு அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் சென்சார், போனை ஆன் செய்ததிலிருந்து மொத்தத்தை எண்ணும். அணைத்துப் போட்டால் 0. ஆப்பைப் பேட்டரி சேமிப்பு முடக்கி வைத்திருக்கும்போது போன் ரீஸ்டார்ட் ஆனால் நடுவில் நடந்தது காணாமல் போகும். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் 'ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி' அனுமதியும் தனியாகக் கேட்கும், அதை மறுத்திருந்தால் நாள் முழுக்க 0தான். வாட்ச், போன் இரண்டும் இருந்தால் ஒன்றை மட்டும் கணக்குக்கு வையுங்கள். இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நடக்க நேரம் இருக்காது.

தனி மீட்டரில் திரை மங்க ஆரம்பித்தால் பட்டன் செல்லை உடனே மாற்றுங்கள். செல்லைக் கழற்றினால் பல மாடல்களில் பழைய எண்கள் அழியும், அதற்கு முன் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியதும் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். காலை 8 மணியை இரவு 8 என்று வைத்துவிட்டால் மீட்டருக்கு நள்ளிரவு நமக்கு நண்பகலில் வரும், காலை நடை முழுக்க நேற்றைய கணக்கில் போய்ச் சேரும்.