ஐஸ் உருகும்போது தெர்மாமீட்டர் 0-ல் நிற்க வேண்டாமா?

கேள்வி:
பீக்கரில் 100 கிராம் ஐஸை மெதுவாகச் சூடாக்கினால், உருகி முடியும்வரை 0°C-லேயே நிற்கும் என்கிறது பாடம். இங்கே 4, 5 என்று காட்டுகிறது. கருவிக் கோளாறா? கொடுக்கிற வெப்பம்தான் எங்கே போகிறது?

பதில் 1:
கருவி இருக்கட்டும், தெர்மாமீட்டரின் நுனிக் குமிழ் எங்கே இருக்கிறது? அடியைத் தொட்டால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். ஐஸைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, குமிழை நடுவில் தொங்கவிட்டு விடாமல் கலக்குங்கள். கலக்காவிட்டால் 4°C தண்ணீர் அடியில் தங்கிவிடும். அந்த 4°C-ல்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம்.

பதில் 2:
வெப்பம் மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்தவே செலவாகிறது. அவற்றின் வேகம் கூடுவதில்லை, அதனால் வெப்பநிலையும் ஏறாது. கிராமுக்கு 334 ஜூல், ஆக 100 கிராமுக்கு 33,400. சின்னக் கணக்கில்லை: அதே வெப்பம் 0°C-ல் உள்ள 100 கிராம் தண்ணீரை ஏறக்குறைய 80°C-க்கு ஏற்றிவிடும்.

கேட்டவர்:
குமிழ் அடியில்தான் முட்டியிருந்தது. இப்போது 0.5-ல் அசையாமல் நிற்கிறது.

பதில் 1:
நன்றாகக் கலக்கியும் அப்படியென்றால் அது கருவியின் பிழை. 0-ஐச் சரிபார்க்கும் முறையே இந்தக் கலவைதான். அந்த 0.5-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். உப்பு மட்டும் பட்டுவிடக் கூடாது, 0-க்குக் கீழே இறங்கிவிடும்.