மறு: கடல்நீரில் நன்னீரைப் பிரித்தபின் எஞ்சுவதற்கு என்ன சொல்?

வணக்கம்.

தீவுகளுக்கான குடிநீர்க் கையேட்டில் ‘உப்புக் கழிவுநீர்’ என்று போடவேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ‘நன்னீராக்கல்’ நல்ல சொல், அப்படியே இருக்கட்டும். சவ்வு வழியே தண்ணீர் கடப்பதற்கு நம் பள்ளிப் புத்தகத்துப் ‘பிரசாரணம்’, தமிழ்நாட்டில் சொல்லும் ‘சவ்வூடு பரவல்’ இரண்டையும் சேர்த்தே போடலாம். சிக்கல் எஞ்சும் நீரில்தான்.

நம் பக்கத்தில் கழிவுநீர் என்றால் மலசலகூடத் தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வரும். உப்புவெளிக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு வரைவை வாசித்துக் காட்டினேன். “தம்பி, குடிக்கத் தண்ணி தந்திட்டு, கக்கூசுத் தண்ணியைக் கடலுக்கை விடப்போறாங்களோ?” என்றார். அவர் பயந்தது நாம் போட்ட சொல்லால்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. 55 முதல் 70 பார் வரை அழுத்தம் கொடுத்துக் கடல்நீரைச் சவ்வு வழியே தள்ளும்போது, 100 லீற்றரில் 40 நன்னீராக வந்தால் மீதி 60 லீற்றரில் கிட்டத்தட்ட மொத்த உப்பும் தங்கிவிடும். அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 58 கிராம். சுத்திகரிப்பில் சேர்த்த இரசாயனங்களும் கொஞ்சம் வரும், அதையும் மறைக்காமல் தனி வரியில் எழுதவேண்டும். ஆனாலும் கரைவலைக்காரருக்கு முக்கியமானது அதன் கனம்.

மறுநாள் இரண்டு கோப்பை கடல்நீரை ஒரு கோப்பையாகக் காய்ச்சி, ஆறவைத்து, பீற்றூட் சாறு விட்டுக் கொண்டுபோனேன். கண்ணாடிப் போத்தலில் இருந்த சாதாரணக் கடல்நீருக்குள் ஓரமாக மெல்ல ஊற்ற, சிவப்பு வழுகி இறங்கி அடியில் தட்டையாகப் படுத்தது. பெரியவர் போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். “அப்ப சாதாளைக்கு மேலைதான் போய்ப் படுக்கும்” என்றார். சாதாளை என்பது கடலடியில் வளரும் புல். சரியாகப் பிடித்துவிட்டார். குழாய் முனையில் நன்றாகக் கலந்து பரவவிடாவிட்டால் நடப்பது அதுதான். யாழ்ப்பாணத்துத் தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் நன்னீராக்கல் ஆலை நாளுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரக்கூடியது. மேலே சொன்ன கணக்கையே வைத்தால் 36,000 கனமீற்றர் கடலுக்குத் திரும்பும். இவ்வளவு பெரிய பொருளுக்கு ஊர்ச்சனம் வாயில் வைக்கக்கூடிய பெயர் வேண்டாமா?

எஞ்சும் நீருக்குப் போன கிழமை நான் தந்த ‘செறியுவர்’ என்ற பெயர் இங்கே பொருந்தாது என்று மூதூர் அக்கா எழுதியது சரிதான். உவர்நீர் என்பது கடலை விட உப்புக் குறைந்தது. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கும் இடத்துத் தண்ணீரையும், கரையோரக் கிணற்றுத் தண்ணீரையும்தான் அப்படிச் சொல்கிறோம். கடலை விட உப்பானதை அந்தப் பெயரால் அழைத்தால் மாணவர் குழம்புவார்கள்.

ஆகவே ‘செறிகடல்நீர்’. செறிவு என்ற சொல் இரசாயனப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கிருந்து வந்தது, என்ன ஆனது, இரண்டும் அதில் தெரிகிறது. வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: “செறிகடல்நீர் விடும் குழாய்க்கு அருகே நங்கூரம் போடாதீர்கள்.” பெரியவர் ஒருமுறை கேட்டுவிட்டுத் திருப்பிச் சொன்னார், தடுக்கவில்லை.

அப்புறம் ஒன்று. சில தீவுகளில் கடல்நீரை விட்டுவிட்டு உவர்க் கிணற்று நீரையே சவ்வில் தள்ளுவார்கள். அங்கே எஞ்சுவது கடல்நீர் அல்லவே. அதற்குச் ‘செறியுவர்நீர்’ என்று வைத்துக்கொண்டால் அக்காவின் மறுப்பும் தீரும், இரண்டும் ஒரே அச்சில் நிற்கும். கையேடு அச்சுக்குப் போகமுன் இந்த இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.